திருப்பிப் போட்ட பெஞ்ச்

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு முன்னால் பத்து வருடம் நின்றால் கண் ஒரு மாதிரி ஆகிவிடும். எதைப் பார்த்தாலும் முதலில் அதன் குறைதான் தெரியும். கல்யாண வீட்டில் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் ரவிக்கைக் கையில் தையல் விட்டுப்போயிருப்பதைப் பார்த்துவிடுவேன். பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் காலர் ஒரு நூல் கோணியிருந்தால் இறங்கும்வரை எனக்கு நிம்மதி இருக்காது. எங்கள் வேலைக்கு வேண்டியது ஒரு இஞ்ச் டேப்பும் ஒரு தாள் ஸ்டிக்கரும்தான். சின்னச் சின்னச் சிவப்பு அம்புக்குறிகள். பீஸில் ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் பிசகு என்று எது இருந்தாலும் அம்பின் முனை அதைக் காட்டுகிற மாதிரி ஒட்டிவிடுவோம். பீஸ் தைத்தவரிடமே திரும்பிப் போகும், அவர் பிரித்துத் தைக்க வேண்டும். வாயால் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை.

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் டெய்லர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். நான் மங்கலத்தில் தறி ஓட்டுகிற வீட்டுப் பெண். எங்களைச் சேர்த்துவைத்ததே அந்த ஸ்டிக்கர்தான். அவர் தைத்த பீஸில் குறையே இருக்காது. குறை இல்லாவிட்டால் அவர் என் மேசைக்கு வர வேண்டிய வேலையும் இல்லை. அதனால் ஒரு நாள் நல்ல பீஸ் ஒன்றில் வேண்டுமென்றே ஒரு அம்பை ஒட்டித் திருப்பி அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"இதுல என்ன குறை?" என்று கேட்டார்.

"குறை ஒண்ணுமில்லீங்க" என்றேன். "சும்மாதான்."

அடுத்த வாரமும் ஒரு நல்ல பீஸ் திரும்பிப் போனது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வருடம் என்னோடு பேசாமல் இருந்தார்கள், அப்புறம் பேசினார்கள். அது வேறு கதை.

இவருக்கு ரயில் பைத்தியம் என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஆனால் கொஞ்சம் யோசித்திருப்பேன். திருப்பூரில் இவரைப் போலவே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். ஒருவர் பழைய அட்டை டிக்கெட்டுகளைச் சேர்ப்பவர். ஒருவர் இன்ஜின் எண்களை நோட்டில் எழுதிவைப்பவர். இவர்களுக்கெல்லாம் தலைவர் மாதிரி இருந்தவர் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருந்த ஒரு அண்ணன். ஊரில் தோட்டம், துரவு எல்லாம் இருந்தும், பழைய சிக்னல் விளக்கு ஒன்று எங்கோ எடைக்குப் போகிறது என்று கேள்விப்பட்டால் சாப்பாட்டை விட்டுவிட்டு ஓடுகிறவர். வாரத்தில் கிடைப்பது ஒரே ஒரு லீவு. அதில் கறி எடுத்துச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்காமல், எந்த ஸ்டேஷனில் எந்த வருடம் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள் என்று சண்டை போடுகிறவர்களை என்னவென்று சொல்வது?

வருடத்துக்கு ஒரு முறை கூட்டம் பெரிதாக நடக்கும். கோயமுத்தூர், ஈரோடு, சேலம், பாலக்காடு என்று வெளியூர்களிலிருந்தும் வருவார்கள். நான் சொல்லப்போகிற வருடம், இரண்டாயிரத்துக்குப் பிறகு, டெய்லர்கள் எல்லாரும் சட்டைப் பையில் செல்போன் வைத்துக்கொள்ளத் தொடங்கியிருந்த சமயம். அந்த முறை கூட்டம் அண்ணனுடைய பேக்கிங் ஹாலில் என்று முடிவாகியிருந்தது. காலையில் எல்லாரும் செய்துகொண்டுவரும் மாடல்களைப் பார்ப்பது. மத்தியானத்துக்கு மேல் வேனில் போத்தனூர் போய், அங்கிருந்து பொள்ளாச்சிக்கு மீட்டர் கேஜ் ரயிலில் போவது. அந்தப் பாதையை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்ததால் இவர்களுக்கு ஒரே பரபரப்பு. குடும்பத்தோடு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

இவரும் ஒரு மாடல் செய்துகொண்டிருந்தார். ஐந்து மாதமாக. வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டில் இருந்தது ஒரு அறையும் ஒரு அடுப்படியும். அதில் பாதி அறையை அந்தப் பிளைவுட் பலகை பிடித்துக்கொண்டது. அது ஒரு சின்ன ஸ்டேஷன். இவருடைய அப்பா பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்த ஸ்டேஷன். ரயிலைத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. கம்பெனியில் தூக்கிப் போடுகிற சாமான்களிலேயே எல்லாவற்றையும் செய்தார். அட்டைப்பெட்டியில் சுவர். நூல் கோனில் தண்ணீர்த் தொட்டி. விலை அட்டை மாட்டுகிற பிளாஸ்டிக் ஊசிகளை நட்டு வேலி. பச்சைத் துணிக் கட்டிங் வேஸ்ட்டைப் பொடிப்பொடியாக நறுக்கி ஒட்டி ஒரு வேப்ப மரம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் அதை வாயைத் திறந்து சொல்லவில்லை. 'பெருக்க முடியலீங்க, கொஞ்சம் தள்ளி வெய்யுங்க' என்பதுதான் ஐந்து மாதமும் நான் அந்த ஸ்டேஷனைப் பற்றிச் சொன்னது.

இவர் அம்மா சின்ன வயதிலேயே தவறிவிட்டார் என்று எனக்குத் தெரியும். அப்பாவையும் நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் இவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அன்றைக்குப் பகல் முழுவதும் கரண்ட் நிறுத்தம், கம்பெனி லீவு. இவர் மேசை போட்டுக்கொடுக்க அண்ணனுடைய ஹாலுக்குப் போயிருந்தார். எனக்கோ கை சும்மா இருக்காது. பலகையைத் துடைத்துவைக்கலாம் என்று உட்கார்ந்தபோதுதான் மேசை டிராயரில் இருந்த போட்டோ ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின கூட்டத்துக்கு வந்திருந்த மதுரைக்காரர் ஒருவர் பழைய ஸ்டேஷன்களின் படங்களைக் கொண்டுவந்திருந்தார். அதில் இதே ஸ்டேஷனும் இருந்தது. இவர் ஒரு பிரதி எடுத்து வாங்கிவந்து டிராயரில் போட்டவர்தான், திரும்ப எடுத்துப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

எடுத்து மாடலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்துவிட்டேன். படத்தில் கதவு ஓர் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, மாடலில் அதைப்போல இரண்டு பங்கு. மணி பூசணிக்காய் அளவுக்குத் தொங்கியது. படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். வேப்ப மரம் கட்டிடத்தையே மூடிக்கொண்டு நின்றது. எல்லாவற்றையும் விட மோசம் பிளாட்பாரத்து பெஞ்ச். படத்தில் அது தண்டவாளத்தைப் பார்த்து இருந்தது, எந்த ஊரிலும் அப்படித்தானே இருக்கும். இவர் அதைத் தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிப் போட்டிருந்தார்.

நாளைக்குப் போத்தனூரிலிருந்து ஒரு ரிட்டயர்டு இன்ஜினியர் வருகிறார், எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார் என்று இவரே இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மனிதர் பத்துப் பேர் முன்னால் குறை சொல்வதற்கு முன்னால் நாம் சொல்லிவிட்டால், பொழுது சாய்வதற்குள் சரி செய்துவிடலாம் என்று நினைத்தேன். சத்தியமாக அதுதான் என் நினைப்பு. இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். கைப்பையில் எப்போதும் இருக்கிற ஸ்டிக்கர் தாளை எடுத்தேன். எண்ணி ஒன்பது அம்பு ஒட்டினேன்.

இவர் வரும்போது மணி ஐந்து இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பலகையிடம்தான் போனார். நான் டீயோடு வந்தேன். தைத்த பீஸ் அம்போடு திரும்பி வரும்போது டெய்லரின் முகம் எப்படி ஆகும் என்று பத்து வருடமாகப் பார்த்தவள் நான். அந்த முகத்தை என் வீட்டிலேயே பார்த்தேன்.

"போட்டோவுல இருக்கறாப்புல இருக்கோணுமில்லீங்க?" என்றேன். "பெருசா ஒண்ணுமில்லீங்க. கதவக் கொஞ்சம் வெட்டி, பெஞ்சத் திருப்பிப் போட்டாச் சரியாப் போயிரும்."

இவர் டீயை வாங்கவில்லை.

"வாரத்துல ஆறு நாளும் கம்பெனியில இதத்தான பாக்கேன்" என்றார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. கட்டிலில் கிடந்த போர்வையை எடுத்து ஸ்டேஷனை மூடினார். "நாளைக்கு நான் மட்டும் போயிட்டு வாரேன். இது வேண்டாம்."

கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் சாப்பிட்டார், தட்டைக் கழுவிவைத்தார், திரும்பிப் படுத்துக்கொண்டார். கம்பெனியில் அவர் தைப்பதெல்லாம் யாரோ கொடுத்த அளவுக்கு, எந்த நாட்டிலோ யாரோ போட்டுக்கொள்வதற்கு. அவருக்கென்று அவர் செய்தது இது ஒன்றுதான். அதற்கும் திருப்பி அனுப்புகிற ஸ்டிக்கரை ஒட்டியவள் நான். எப்படியாவது அந்தப் பலகையை அவர் கையாலேயே கூட்டத்துக்குக் கொண்டுபோக வைக்க வேண்டும் என்று இருந்தது எனக்கு.

மறுநாள் காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது அண்ணனிடமிருந்து போன் வந்தது.

"ஏனம்மிணி, வேன் கெளம்பிருச்சு. தம்பி மாடல் ரெடிங்களா?"

"ரெடிங்கண்ணா. வர்றோமுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டுப் போர்வையை விலக்கி அம்புகளை ஒவ்வொன்றாக உரித்தேன். அட்டை பிய்யாமல் உரிக்க வேண்டுமே, நகத்தை வைத்து மெதுவாக. எட்டு கிடைத்தது. ஒன்பதாவதைக் காணோம், எதில் ஒட்டினேன் என்று அந்த அவசரத்தில் ஞாபகமும் வரவில்லை. போர்வையோடு ஒட்டிப் போயிருக்கும் என்று உதறிப் பார்த்தேன், இல்லை. குளியலறைக் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் விட்டுவிட்டேன். எண்ணிக்கை ஒன்று குறைந்தால் பெட்டியையே பிரிக்கச் சொல்கிறவள், அன்றைக்கு விட்டுவிட்டேன்.

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது நான் பலகையின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்ன செய்யுத?"

"வேன் வருதுங்க. நீங்க தூக்காட்டியும் பரவாயில்லீங்க, நான் எடுத்துட்டுப் போறன்."

"ஒத்தையில தூக்குனா மரம் சாஞ்சிரும்லா."

"சாஞ்சாச் சாயட்டுங்க."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். நான் முனையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். வேப்ப மரம் உண்மையிலேயே ஆடியது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மறுமுனையைப் பிடித்துவிட்டார்.

பேக்கிங் ஹாலில் நான் இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. அட்டைப்பெட்டிகளையெல்லாம் சுவரோரம் அடுக்கி, நீள மேசைகளின் மேல் தண்டவாளம் போட்டிருந்தார்கள். சேலத்துக்காரர் ஒருவருடைய குட்டி நீராவி இன்ஜின் ஏழு பெட்டிகளை இழுத்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. வழுக்கைத் தலையும் தொப்பையுமாக இருந்த ஆட்கள் குனிந்து கன்னத்தை மேசையில் வைத்து அதைப் பார்த்தார்கள். நடுவில் கரண்ட் போனது. அண்ணன் ஜெனரேட்டரைப் போடச் சொன்னார். "ஷிப்மெண்ட்டுக்குக்கூட இத்தன வெரசாப் போட மாட்டாருங்க" என்று அவர் கம்பெனி ஆள் ஒருவர் என் காதருகே சொன்னார்.

எங்கள் பலகையை ஜன்னலோரம் வைத்தார்கள். நான் நல்ல வெளிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். இன்ஜினியர் வந்தார். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் லென்ஸ். முன்பக்கம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்க் குனிந்தார்.

"கதவு பன்னண்டு அடி உசரம் வருதுங்களே தம்பி" என்றார். பிறகு லென்ஸை எடுத்தார். "பெஞ்சும் திரும்பி இருக்குது. யாரோ அதக் கரெக்டாக் குறிச்சும் வெச்சிருக்காங்களே."

ஒன்பதாவது அம்பு. பெஞ்சின் சாய்மானத்துக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தேன். முன்னால் நின்று பார்த்தால் சாய்மானம் அதை மறைத்துவிடும், பின்னால் போனால்தான் தெரியும். சுற்றி ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். எனக்கு அப்படியே ஓடிப்போய் வேனுக்குள் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது. யார் ஒட்டியது என்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், எல்லார் முன்னாலும் மானம் போயிருக்கும். நான் செய்ததற்கு அது சரிதான் என்றும் தோன்றியது.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு நின்றார்.

"அது திரும்பித்தான் சார் கெடந்துச்சு" என்றார். "எங்கம்மை திருப்பிப் போட்டது."

அவரே சொன்னார்.

"எங்க ஐயா பாயிண்ட்ஸ்மேன். ஸ்டேஷனுக்குப் பொறத்தாலதான் குவாட்டர்ஸ். சாயங்காலம் ஐயாவுக்குச் சோறு கொண்டாந்து, வண்டி போற வரைக்கும் அம்மை இந்த பெஞ்சுலதான் இருப்பா. தண்டவாளத்தப் பாத்து இருந்தா குவாட்டர்ஸ் வாசல் தெரியாது. அங்கன நான் இருப்பேன், தங்கச்சி இருப்பா. நாங்க தெரியணும்னு பெஞ்சத் திருப்பிப் போட்டுருவா. காலையில ஸ்டேஷன் மாஸ்டர் ஏசுவாரு, ஆள விட்டு நேராப் போடச் சொல்லுவாரு. சாயங்காலம் அம்மை மறுபடியும் திருப்பிருவா." பெஞ்சிலிருந்து விரலை எடுத்தார். "போட்டோவுல நேரா இருக்கும். அது காலையில எடுத்தது."

"கதவு?" என்று இன்ஜினியர் கேட்டார். இப்போது குரல் மாறியிருந்தது.

"அம்மை போகையில எனக்கு எட்டு வயசு சார். அந்த வருசமே ஐயாவுக்கு வேற ஊரு மாத்தல். அதுக்கு மேல அந்த ஸ்டேஷன நான் பாக்கல. நான் பாத்த உசரத்துக்குத்தான் செஞ்சிருக்கேன்."

இன்ஜினியர் லென்ஸைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"அப்ப அளவெல்லாம் சரிதானுங்க" என்றார்.

நான் அட்டைப்பெட்டி அடுக்குக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஐந்து மாதம் அதே அறையில் அதைச் சுற்றிப் பெருக்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் இஞ்ச் டேப் வைத்து அளந்திருக்கிறேன். இந்த பெஞ்ச் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு தடவை வாயால் கேட்டதில்லை. என் மாமியாரை நான் முதன்முதலாகப் பார்த்ததே அன்றைக்குத்தான். அதுவும் அவர் உட்கார்ந்த இடத்தில் நான் ஒட்டிய அம்பை வைத்து.

மத்தியானம் போத்தனூரில் ரயில் ஏறினோம். அண்ணனும் மற்றவர்களும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வாசல்களைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அவர் ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்தார். சின்ன வண்டி, ஆட்டம் அதிகம். கிணத்துக்கடவு தாண்டியதும் பாலக்காட்டுக் காற்று முகத்தில் அறைந்தது. இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. அவர் பெட்டியின் ஒவ்வொரு பலகையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எதிரே இருந்த சீட்டின் உயரத்தைக் கையாலேயே அளந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டார். அவர் ஞாபகத்தில் அது அவ்வளவு தாழ்வாக இல்லை போலிருக்கிறது.

"தப்புப் பண்ணிட்டனுங்க" என்றேன்.

"விடு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க? இத்தன நாளா?"

"நீ எங்க கேட்ட? ஒட்டிட்டுல்லா போன" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

பொள்ளாச்சி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா என்ன சோறு கொண்டுவருவார், தலையில் பூ வைப்பாரா, திட்டுவாரா. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். பல கேள்விக்கு, "தெரியலயே, எட்டு வயசுலா" என்றார். முகம் சரியாக ஞாபகம் இல்லையாம், ஒரு படமும் இல்லையாம். பெஞ்ச் மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பகல் வெளிச்சத்தில், அத்தனை பேர் இருக்கிற ரயிலில், அதற்கு முன்னால் நான் அப்படிச் செய்ததில்லை.

ஸ்டேஷன் வீட்டுக்குத் திரும்பி வந்தது. நான் அதைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை, சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டேன். அவர் பெஞ்சிலிருந்த அம்பை உரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்குள் எந்தச் சண்டையும் இல்லை. ஆனால் அவர் மாடலில் கை வைக்கவும் இல்லை. மாலையில் வந்தால் டிவி பார்ப்பார். இரண்டு வாரம் அப்படியே போனது. இனிமேல் என் கண் முன்னால் அதைத் தொடவே மாட்டாரோ என்று எனக்குப் பயம் இருந்துகொண்டே இருந்தது. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு நாள் ஓவர்டைம் இல்லாமல் சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்து அடுப்படியில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தார். கைப்பையை மாட்டப் போனவள் பலகையைப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருந்தது. நான் ஒட்டியது இல்லை. பெஞ்சுக்குப் பக்கத்தில், தரையில்.

குனிந்து பார்த்தேன். அம்பின் முனையில் ஒன்றும் இல்லை. கிழிசல் இல்லை, பசை வழியவில்லை, அளவு பிசகவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். லைட்டைப் போட்டுப் பார்த்தேன். பத்து வருடக் கண்ணுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"ஏனுங்க" என்று கூப்பிட்டேன். "இதுல என்ன குறைங்க?"

அவர் அடுப்படி வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"குறை ஒண்ணும் இல்ல" என்றார். "சும்மாதான்."